உழப்படாத நிலமும் ஒரு சிற்றூரும்

பி.எஸ்ஸி., இரண்டாமாண்டு (தாவரவியல்)

முன்னுரை

பிரெய்ரி, ஸ்டெப்பி, பாம்பாஸ், வெல்டு, டவுன்ஸ் என்று மிதவெப்ப மண்டலப் புல்வெளிகளின் பெயர்களைப் பள்ளிப் புவியியலில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வாங்கித் தந்ததோடு அவற்றின் பணி முடிந்துவிட்டது. பிரெய்ரியில் ஒரு சிற்றூர் எப்படி இருக்கும், வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே போய் இறங்கினால் காண்பதற்கு என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்க்க நமக்கு வாய்ப்பு ஏற்பட்டதில்லை.

மலையும் அருவியும் கோட்டையும் கோபுரமும் இருந்தால்தான் பார்க்கத்தக்க ஊர் என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றி இருக்கிறது. விடுதியில் புதிதாகச் சேரும் கிராமத்து மாணவரிடம், "உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்ற விடைதான் வருகிறது. அவ்விடை சரிதானா என்று சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்காக, பார்க்க ஒன்றுமில்லை என்று எவரும் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ரெட் கிளவுட் என்பது அதன் பெயர். நூல்களின் வழியாகவும் நிலப்படங்களின் வழியாகவும் நான் அறிந்த ஊர் அது.

ஊரும் பெயரும்

ரெட் கிளவுட், நெப்ராஸ்காவின் தென் எல்லையை ஒட்டி, ரிபப்ளிகன் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. வெப்ஸ்டர் மாவட்டத்தின் தலைநகர் அதுவே. தலைநகர் என்றதும் பெரிய பட்டணம் என்று எண்ணிவிடக் கூடாது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. 1910இல் ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்த வெப்ஸ்டர் மாவட்டத்தில் 2020இல் இருந்தவர்கள் சுமார் 3,400 பேரே. உழவில் இயந்திரம் புகுந்தது, பண்ணைகள் பெருத்தன, ஆட்கள் குறைந்தனர். பிள்ளைகள் படித்து வெளியேறினர். பிரெய்ரிச் சிற்றூர்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

1871இல் இவ்வூரை நிறுவியவர்களுள் முதன்மையானவர் சைலஸ் கார்பர். பின்னாளில் அவர் நெப்ராஸ்காவின் ஆளுநராகவும் இருந்தார். ஊருக்கு இடப்பட்ட பெயரோ லக்கோட்டா மக்களின் தலைவர் ஒருவருடையது. 'செம்மேகம்' என்று பொருள்படும் பெயருடைய அத்தலைவர், அமெரிக்கப் படையை எதிர்த்து நின்று, 1868இல் ஃபோர்ட் லாரமி உடன்படிக்கைக்கு அரசை இணங்கச் செய்தவர். ரெட் கிளவுடுக்குக் கிழக்கே கைடு ராக் என்னும் ஊரருகில், பாவ்னி மக்களின் பெரிய குடியிருப்பு ஒன்று இருந்த இடம் அறியப்பட்டுள்ளது. 1806இல் ஜெபுலான் பைக் என்னும் படைத்தலைவர் வந்து சென்றது அங்கேதான் என்று கருதப்படுகிறது. 1870களில் பாவ்னி மக்கள் நெப்ராஸ்காவை விட்டு இன்றைய ஓக்லகோமா பகுதிக்குப் போக நேர்ந்தது. எனவே, வெற்று நிலத்தில் எழுந்த ஊர் இது என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடலாகாது. இங்கே வருவோர் செய்யவேண்டிய முதல் வேலை இதை மனத்தில் இருத்திக்கொள்வதே.

வீதியில் நடத்தல்

ஊரைச் சுற்றிப் பார்க்க வாகனம் வேண்டியதில்லை, கால்களே போதும். செங்கல் கட்டடங்கள் நிறைந்த கடைவீதி ஒன்று, 1889இல் கட்டப்பட்ட வங்கி, பழைய பர்லிங்டன் ரயில் நிலையம், இரண்டு சிறு தேவாலயங்கள், ஒரு மரவீடு. இவைதான் அங்குள்ள 'காட்சிகள்'. இவற்றைக் காண வெளி மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர் என்றால் அதற்குக் காரணம் ஒரு பெண்மணி. அவர் வில்லா கேத்தர்.

1873இல் வர்ஜீனியாவில் பிறந்த கேத்தர், ஒன்பது வயதில் பெற்றோருடன் நெப்ராஸ்காவுக்கு வந்தார். ஓராண்டுக்கு மேல் பண்ணையில் வாழ்ந்தபின், 1884இல் குடும்பம் ரெட் கிளவுடுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்கள் வாழ்ந்தது வாடகை வீட்டில். மாடியில் கூரைக்கு அடியில் இருந்த சிறு அறை வில்லாவுக்கு ஒதுக்கப்பட்டது. மருந்துக்கடையில் வேலை செய்ததற்குக் கூலியாகப் பூப்போட்ட சுவர்த்தாளை வாங்கிவந்து, அந்த அறையின் சுவர்களில் அவரே ஒட்டினார். அந்தத் தாள் பாதுகாக்கப்பட்டுள்ளது. அரண்மனைச் சுவரோவியத்தைப் பார்ப்பது போல மக்கள் அதைப் பார்க்கின்றனர். ஏழு பிள்ளைகளுள் மூத்த பெண் தனக்கென்று ஒரு மூலையைத் தேடிக்கொண்டதன் அடையாளம் அது. ஒரே அறையில் குடும்பமே உறங்கும் வீட்டிலிருந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அந்தத் தாளின் மதிப்பை எனக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

பொகீமியா, சுவீடன், நார்வே, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து வந்து, மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளில் குடியிருந்த உழவர்களே கேத்தரின் கதைமாந்தராயினர். 'ஓ பயனியர்ஸ்' 1913இலும் 'மை ஆன்டனியா' 1918இலும் வெளிவந்தன. 1923இல் வேறொரு நாவலுக்காக அவர் புலிட்சர் பரிசு பெற்றார். ஆன்டனியா என்னும் பாத்திரத்துக்கு மூலமாக அமைந்தவர் அன்னா பவெல்கா என்னும் பொகீமியப் பெண்மணி. வேலைக்காரப் பெண்ணாக ரெட் கிளவுடில் உழைத்து, பின்னர்ப் பண்ணை வைத்து வாழ்ந்தவர். மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள அப்பண்ணை வீட்டையும், பழங்களைச் சேமித்துவைக்கும் நிலவறையையும் வருவோர் காணலாம்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்பது நம் தமிழ் மரபு. கேத்தரின் நாவல்களுக்கு அந்த அளவுகோல் பொருந்துகிறது. அங்கே நிலம் முதலில் வருகிறது; மனிதர் பின்னால் வருகின்றனர்.

மேடையைக் காணுதல்

கடைவீதியில் 1885இல் கட்டப்பட்ட ஆபரா ஹவுஸ் என்னும் அரங்கம் இருக்கிறது. கீழே கடை, மாடியில் மேடை. நாடகக் குழுக்கள் ரயிலில் வந்திறங்கி அங்கே நடித்தன. அறிவியல் மாணவர்களாகிய நாம் அந்த மேடையை நினைவில் கொள்ள வேறொரு காரணமும் உண்டு. 1890இல் ரெட் கிளவுட் உயர்நிலைப் பள்ளியில் தேறியவர்கள் மூவர். கேத்தர் அவர்களுள் ஒருவர். பட்டமளிப்பு நாளில் அவர் அந்த மேடையில் பேசிய தலைப்பு 'மூடநம்பிக்கையும் ஆராய்ச்சியும்' என்பதாகும். பதினாறு வயதுப் பெண், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், அறிவியல் ஆய்வுக்காக வாதாடினார். மருத்துவராக விரும்பியே அவர் லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் எழுத்து அவரை ஈர்த்துக்கொண்டது.

பின்னாளில் அந்த மாடி கேட்பாரற்றுக் கிடந்தது. இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் பழுதுபார்த்து 2003இல் மீண்டும் திறந்தனர். அந்த மேடையில் மீண்டும் இசையும் நாடகமும் நிகழலாயின.

இதற்கெல்லாம் வித்திட்டவர் ஓர் ஆசிரியை. மில்ட்ரெட் பென்னட் என்னும் அவர், வெப்ஸ்டர் மாவட்டத்துக்குப் பள்ளியில் கற்பிக்க வந்து, கேத்தரை அறிந்த முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்திகளைத் திரட்டினார். 1951இல் நூலாக வெளியிட்டார். 1955இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கேத்தர் நினைவு அமைப்பைத் தொடங்கினார். 2017இல் தேசிய வில்லா கேத்தர் மையம் அங்கே திறக்கப்பட்டது. ஓர் ஆசிரியையின் குறிப்பேட்டிலிருந்து வளர்ந்த பணி அது.

புல்வெளியில் நடத்தல்

ஊரிலிருந்து தெற்கே எட்டுக் கிலோமீட்டர் சென்றால், கேத்தர் நினைவுப் புல்வெளி வருகிறது. அதன் பரப்பு 612 ஏக்கர். இந்நிலத்தின் சிறப்பு யாதெனில், இது உழப்படாத நிலம். 1862இல் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று நிலம் வழங்கியது. எஃகு ஏர்கள் பிரெய்ரியைப் புரட்டிப்போட்டன. வட அமெரிக்காவின் உயரப்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்கு அளவே என்பர். இந்த 612 ஏக்கரை 1974இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கிக் காத்தது. 2006இல் அது கேத்தர் அமைப்பின் கைக்கு வந்தது.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. தரைக்கு மேலே நாம் பார்ப்பது பிரெய்ரியின் சிறுபகுதி. பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. பிக் புளூஸ்டெம் என்னும் நீலத்தண்டுப் புல்லின் வேர் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாகக் கீழே இறங்குகிறது. வளரும் மொட்டுகள் மண்மட்டத்திலோ அதற்குக் கீழோ இருப்பதால், தீ எரித்தாலும் எருமை மேய்ந்தாலும் புல் மீண்டும் துளிர்க்கிறது. தீயும் மேய்ச்சலும் அற்றுப்போனால் செஞ்சீடர் போன்ற மரங்கள் புகுந்து புல்லை மூடிவிடுகின்றன. ஆகவே, புல்வெளியைக் காப்பவர்கள் காலமறிந்து தீ வைக்கின்றனர். அளவறிந்து மாடுகளை மேயவிடுகின்றனர்.

நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தின் ஜான் வீவர் என்னும் பேராசிரியர், பள்ளம் தோண்டிப் பிரெய்ரிச் செடிகளின் வேர்களை முழுமையாக வரைந்து காட்டினார். 1930களின் கொடும் வறட்சியில் எப்புல் மடிந்தது, எப்புல் அந்த இடத்தைப் பிடித்தது என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்தவரும் அவரே. சூழலியல் படிக்கும் நாம் அறியவேண்டிய பெயர் அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த நீலத்தண்டுப் புல் நமக்கு அந்நியம் அன்று. போவேசி குடும்பத்தில் ஆன்ட்ரோபோகோனே என்னும் பிரிவைச் சேர்ந்தது அது. நம் மானாவாரிக் காட்டில் விளையும் சோளமும், கரும்பும், வெட்டிவேரும் அதே பிரிவைச் சேர்ந்தவையே. சோளத்தைக் கையால் அறுத்த என் பெற்றோர் பிரெய்ரியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அதன் நெருங்கிய உறவைத்தான் அவர்கள் ஆயுள் முழுதும் தொட்டு வந்திருக்கின்றனர்.

பருவம் அறிந்து செல்லுதல்

பிரெய்ரிக்குப் போகிறவர் பருவம் பார்த்துப் போகவேண்டும். மார்ச்சு மாதத்தில் சென்றால், வடக்கே கார்னி நகரை ஒட்டிய பிளாட் ஆற்றில் சாண்ட்ஹில் கொக்குகள் இலட்சக்கணக்கில் இறங்குவதைக் காணலாம். கோடையில் புல்வெளி பூக்கிறது. இலையுதிர் காலத்தில் நீலத்தண்டுப் புல் செம்பு நிறம் கொள்கிறது. குளிர்காலத்தில் பனியும் காற்றும் மட்டுமே இருக்கும்.

வழியையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே அறுபது கிலோமீட்டர் அளவில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் 'கலிபோர்னியா செஃபிர்' ரயில் நிற்கிறது. அங்கிருந்து காரில் செல்லலாம். கேத்தர் மையத்தில் வழிகாட்டியுடன் வீடுகளைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு உண்டு. நேரமிருப்பின் தெற்கே கான்சாஸ் மாநிலத்து லெபனான் ஊருக்குப் போய், ஒன்றோடொன்று இணைந்த 48 மாநிலங்களின் நடுப்புள்ளி என்று நாட்டப்பட்ட கல்லையும் பார்த்து வரலாம்.

முடிவுரை

கேத்தர் அவ்வூரில் தங்கிவிடவில்லை. பெருநகரங்களில் வாழ்ந்து, 1947இல் நியூயார்க்கில் இறந்தார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டதும் நெப்ராஸ்காவில் அன்று. இருந்தும், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நெப்ராஸ்காவின் சார்பாக நிறுவப்பட்டது அவர் சிலையே.

படிக்கப் போகிற பிள்ளை ஊருக்குத் திரும்புவதில்லை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வருந்திச் சொல்வார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ரெட் கிளவுடின் வரலாறு அதற்கு இரண்டு விடைகளைத் தருகிறது. போனவர் ஊரைக் கூர்ந்து பார்த்து எழுதினார். வந்தவர் ஒருவர் ஊர் மக்களிடம் கேட்டுக் குறித்துவைத்தார். இரண்டும் கல்வியால் ஆன காரியங்கள். வாடகை வீட்டின் சுவர்த்தாள், கடைக்கு மேலிருந்த மேடை, உழாமல் விட்ட 612 ஏக்கர் ஆகிய இவற்றை விலைமதிப்புள்ளவை ஆக்கியது அக்கல்விதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். தரிசில் நிற்கும் புற்களுக்கு ஊரார் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். கண்மாய்க்கும் களத்துமேட்டுக்கும் அப்பெயர் எப்படி வந்தது என்று முதியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.