உருளைப்புழுக்களின் குரோமோசோம்களை ஒப்பிடுவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

குதிரைக் குடலில் வாழும் பாராஸ்காரிஸ் யூனிவேலன்ஸ் புழுவுக்கு ஒரே ஒரு ஜோடி குரோமோசோம். அதே குதிரையில் வாழும் பாராஸ்காரிஸ் ஈக்வோரமுக்கு இரண்டு ஜோடி. இவற்றின் உறவினமான பன்றிப் புழு ஆஸ்காரிஸ் சூமில் பெண்ணுக்கு 48 குரோமோசோம்கள், ஆணுக்கு 43! எண்ணிக்கையை மட்டும் நம்பி உறவு சொல்ல முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

படி 1: சரியான திசுவை எடுங்கள்

பாதிப் பேர் தவறுவது இங்கேதான். இந்தப் புழுக்களின் கரு வளரத் தொடங்கியதும், உடல் செல்களாக மாறவிருக்கும் செல்கள் டி.என்.ஏ.வில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகின்றன. 1887இல் தியோடர் போவெரி குதிரைப் புழுவின் கருவில் இதைக் கண்டார். யூனிவேலன்ஸில் சுமார் 90 சதவீதம் போய்விடுகிறது. எண்ணிக்கையும் மாறுகிறது: ஆஸ்காரிஸின் இனப்பெருக்க செல்லில் 24 வகையாக இருக்கும் குரோமோசோம்கள் உடைந்து, உடல் செல்லில் 36 வகையாகின்றன. ஆகவே குடல், தசை, தோல் எதுவும் வேண்டாம். விந்தகம், சூலகம், அல்லது பிளவுபடாத ஒரு செல் முட்டை மட்டுமே.

முட்டைகளைக் கையாளும்போது கையுறை கட்டாயம். ஃபார்மலினில் போட்டாலும் அவை உயிரோடு வளரும்.

படி 2: பரப்பி, சாயமேற்றுங்கள்

நூல் போன்ற இனப்பெருக்கக் குழாயின் மூடிய நுனியில்தான் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அதை வெட்டி, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த திரவத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்பி, சாயமேற்றிப் பாருங்கள். பாடப்புத்தகத்து 'எக்ஸ்' வடிவத்தைத் தேடாதீர்கள். இந்தக் குரோமோசோம்களுக்கு ஒற்றை இடுப்பு கிடையாது. செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் அதன் நீளம் முழுவதும் பற்றிக்கொள்ளும். குரோமோசோம் உடைந்தாலும் துண்டு தொலைவதில்லை. எண்ணிக்கை இவ்வளவு எளிதாக மாற இது ஒரு காரணம்.

படி 3: ஆணையும் பெண்ணையும் தனித்தனியே எண்ணுங்கள்

ஆஸ்காரிஸில் 19 ஜோடி இரண்டு பாலுக்கும் பொது. பெண்ணுக்கு ஐந்து ஜோடி எக்ஸ் பால் குரோமோசோம். ஆணுக்கு ஐந்தும் ஒற்றை. ஆட்டு வயிற்றுப் புழு ஹீமாங்கஸ் கன்டார்டஸில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 11.

படி 4: உள்ளே இருக்கும் மரபணுக்களைப் பொருத்துங்கள்

இந்தப் புழுக்களின் பொது மூதாதையிடம் ஏழு மரபணுத் தொகுதிகள் இருந்தன என்று கருதுகிறார்கள். நைகான் கூறுகள் என்று அவற்றுக்குப் பெயர். எந்தத் தொகுதி எதோடு ஒட்டியது, எங்கே பிரிந்தது என்று பார்ப்பதே உண்மையான ஒப்பீடு.

குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே திசுவையும் பாலையும் எழுதுங்கள். அவை இல்லாத எண்ணை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.