செல்வமும் அதன் பங்கீடும்

பொருள் வரும் வழிகளை உண்டாக்கிச் சேர்த்துக் காத்தலோடு அமையாது, அதனை முறையே வகுத்தலும் வல்ல அரசின் இலக்கணம் என்பது திருவள்ளுவனார் துணிபு. நம் நாட்டில் குடும்பங்களின் செல்வம் எங்ஙனம் பங்கிடப்பட்டுள்ளதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வருவாய் வேறு, செல்வம் வேறு. திங்கள்தோறும் வந்து செலவாவது வருவாய். நிலம், வீடு, கால்நடை, பொன் என நிலைத்து நிற்பது செல்வம். 2019ஆம் ஆண்டில் இந்திய அரசினர் எடுத்த கணக்கின்படி, நாட்டுப்புறக் குடும்பமொன்றின் சராசரிச் சொத்து ஏறக்குறைய 16 லட்சம் ரூபாய். இச்சராசரி நம்மை மயக்கவல்லது. ஓரூரில் பத்துக் குடும்பங்களும், அவற்றிற்கு நூறு ரூபாய்ச் செல்வமும் உளவெனக் கொள்வோம். அக்கணக்கின்படி, செல்வத்தால் முதலில் நிற்கும் குடும்பம் ஒன்றே 51 ரூபாயைக் கொள்ளும். கடைப்பட்ட ஐந்தும் சேர்ந்து பெறுவன 10 ரூபாயே. சராசரி பத்து ரூபாய். இவ்வைந்தில் ஒவ்வொன்றிற்கும் கிட்டுவதோ இரண்டு ரூபாய்! நகரங்களில் முதற் குடும்பத்திற்கு 56, கடை ஐந்திற்கும் 6 என வேற்றுமை இன்னும் மிகும்.

இந்நாட்டுப்புறச் செல்வத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிலமும் கட்டடமுமே. ஆதலின், அவ்விரண்டும் இல்லார் எத்துணை உழைப்பினும் கடைவரிசையிலேயே நிற்பர். இதனை நம் நீலகிரியிற் காண்க. கோத்தகிரிச் சரிவில் ஓர் ஏக்கர் தேயிலையுடைய குடியானவர், 1990களின் இறுதியில் பச்சிலை விலை வீழ்ந்தபோது பெரிதும் இடருற்றனர். ஆயினும், நிலத்தை விடாது காத்தவர்க்கு அது தம் மக்களுக்கென எஞ்சிற்று. பெருந்தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ நாட்கூலியும் லைன் வீடுமே உள. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடளிக்கும் கடமையைத் தோட்டமுடையார்மேல் விதித்தது. வீட்டின் உரிமையைத் தொழிலாளர்க்கு அளித்திலது. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும் அந்நாள் இருந்த பெருந்தோட்டங்களுக்கு விலக்களித்தது. முப்பதாண்டு உழைத்தவள் ஓய்வுபெறுங்கால், மகனோ மருமகளோ அத்தோட்டத்தில் வேலைக்கமர்ந்தாலன்றி, தான் பிள்ளை வளர்த்த வீட்டையும் விட்டு நீங்கவேண்டியவளே.

கூலியுயர்வு இன்றியமையாததே. ஆயினும், கூலி அன்றன்று அடுப்பை எரிக்கும். சிறு மனையேனும் சொந்தமாயின் அது அடுத்த தலைமுறையைத் தாங்கும். எனவே, நாடு செல்வமுற்றதெனக் கேட்கும்போதெல்லாம், ‘எவ்வளவு?’ என்பதோடு நில்லாது, ‘எவரிடத்து?’ என்றும் வினவக் கடவோம்.