கொந்தளிக்கும் கடலில் இயந்திரப் படகு: எப்பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது?

கடலை நம்பி வாழும் சிற்றூர்களில் படகு என்பது வெறும் ஊர்தி அன்று. உழவனுக்கு வயலும் ஏரும் எப்படியோ, மீனவனுக்குப் படகு அப்படி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உழவன் பிழை செய்தால் ஒரு போகத்து விளைச்சல் குறையும். அடுத்த போகத்தில் அதனை ஈடுசெய்துகொள்ளலாம். அலைவாயில் சுக்கான் பிடித்தவன் ஒரு நொடி பிழை செய்தால், அதனை ஈடுசெய்ய அவன் திரும்பி வாராமலே போகலாம். ஆதலின், படகு வாங்குவதில் நாம் காட்டும் அக்கறையைப் படகோட்டும் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்டுதல் இன்றியமையாதது.

“தலைமுறை தலைமுறையாகக் கடலில் வாழ்பவர்களுக்குப் பயிற்சி எதற்கு?” என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் நம் முன்னோர் கற்ற கலை கட்டுமரத்தின் கலை. கட்டுமரம் மரத்துண்டுகளின் பிணைப்பு. அதில் நீர் தேங்க இடமில்லை. அலை புரட்டிப் போட்டாலும் அது மூழ்காது. அதன்மேல் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். இன்று நம் கரைகளில் நிற்பவை பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இவை மிகப் பெருகின. இவை விரைவானவை, தொலைவு செல்பவை, மிகுந்த மீன் சுமப்பவை. ஆயினும் இவற்றுள் அலைநீர் புகுந்தால் தேங்கும். தேங்கிய நீர் ஒரு பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். கவிழ்ந்தால் கனமான இயந்திரமும் சுழலும் விசிறியும் அருகிலிருப்போரைத் தாக்கும். முன்னோர் தந்த கடலறிவு நமக்குப் பெருஞ்செல்வம்; அதன்மேல் இயந்திரத்தின் அறிவையும் சேர்த்தல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

அலைவாயின் இயல்பு

எப்பயிற்சி நல்லது என்று ஆராயுமுன், எதனை வெல்லப் பயிற்சி தேடுகிறோம் என்பதை அறிவோம். ஆழ்கடலில் உருண்டு வரும் அலை, நீரின் ஆழம் குறையுமிடத்தில் செங்குத்தாக எழுந்து உடைகிறது. பொதுவாக அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தில் இது நிகழும். ஒன்றரை மீட்டர் அலை சுமார் 2 மீட்டர் ஆழத்தில் உடையும். அவ்விடத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சிறிய இயந்திரம் பூட்டிச் சுமையுடன் திரும்பும் படகுகள் பல இவ்வேகத்தை எட்டுவதில்லை. எனவே பின்னால் வரும் அலை படகை எட்டிப் பிடிக்கிறது. பின்பகுதியாகிய அமரத்தைத் தூக்குகிறது. முன்பகுதியாகிய அணியம் நீரில் குத்துகிறது. படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிக் கவிழ்கிறது. கரைக்கு வரும் படகுக்கு நேரும் பெருந்தீங்கு இதுவே.

மற்றொன்றையும் மனத்தில் கொள்ளல் வேண்டும். அலையின் உயரம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே ஒரு மீட்டர் அலையில் தேர்ந்தவன் இரண்டு மீட்டர் அலையிலும் தேர்ந்தவன் என்று எண்ணுவது தவறு.

மேற்பயிற்சி என்பது யாது?

படகைக் கிளப்புதல், நிறுத்துதல், கட்டுதல், திசை அறிதல், இயந்திரத்தைப் பேணுதல் ஆகியன அடிப்படைப் பயிற்சி. மேற்பயிற்சி என்பது உடையும் அலையிலும், இருளிலும், காற்றும் நீரோட்டமும் எதிர்த்து மோதும் இடத்திலும் இவற்றைச் செய்யப் பழகுதல். முன்னதில் தேர்ச்சி பெறாதவரைப் பின்னதில் சேர்ப்பது, எழுத்தறியாப் பிள்ளையிடம் காவியத்தைக் கொடுப்பது போலாகும். சேருமுன் மாணவனின் அடிப்படைத் திறனைச் சோதித்தறியாத பயிற்சி நல்ல மேற்பயிற்சி ஆகாது.

இதனைப் பிற நாட்டார் எவ்வாறு செய்கின்றனர் என்று காண்போம். அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர், கொந்தளிக்கும் கடலில் மீட்புப் படகு செலுத்தக் கற்பிக்கும் தம் பள்ளியை, அமைதியான துறைமுகமொன்றில் அமைக்கவில்லை. கொலம்பியா ஆறு பசிபிக் பெருங்கடலிற் கலக்கும், அலை மிகுந்த முகத்துவாரத்தின் அருகே, டிஸப்பாயின்ட்மென்ட் முனையில் அமைத்துள்ளனர். கவிழ்ந்தாலும் தானே நிமிரும் 47 அடிப் படகில் அங்குப் பயில்கின்றனர். அத்தகைய படகுக்கும் எல்லை வகுத்துள்ளனர்: உடையும் அலை 20 அடிக்கு மேற்படலாகாது. படகோட்டி முதலில் சாதாரண நிலையிலும், பின்னர்க் கடுங்காற்றிலும், இறுதியில் உடையும் அலையிலும் செலுத்தத் தகுதி பெறுகிறான். இறுதிப் படியை எட்டப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1824-இல் தோன்றிய பிரிட்டிஷ் உயிர்மீட்புப் படகுச் சங்கம், பூல் நகரிலுள்ள தன் கல்லூரியில், அலை எழுப்பும் குளமொன்றில், கவிழ்ந்த படகிலிருந்து பிழைக்கும் முறையைக் கற்பிக்கிறது.

அவர்களுடைய படகு நம்மிடம் இல்லை. அவர்களுடைய பொருட்செல்வமும் இல்லை. ஆயினும் மூன்று பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். கடல் கொந்தளிக்குமிடத்திலேயே கற்க வேண்டும். சிறிய அலையில் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும். படகுக்கும் ஆளுக்கும் எல்லை வகுக்க வேண்டும்.

தேர்வுக்கு ஐந்து வினாக்கள்

ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் சில இளைஞர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் அளவுக்குப் பணம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தார் பின்வரும் வினாக்களைக் கேட்டல் நலம்.

1. எந்தப் படகில் பயிற்சி? விரைவுப் படகு, அலையின் முதுகிலேயே அமர்ந்து, முன்னே செல்லும் அலைமுகட்டைத் தாண்டாமல் கரைவரை வரும். வேகம் குறைந்த படகுக்கு அம்முறை பயன்படாது. அது அலைகள் தணியும் இடைவேளையைப் பார்த்து நுழைய வேண்டும். அமரத்தை அலைக்கு நேராக நிறுத்தப் பின்னால் இழுவைப் பை கட்ட வேண்டியும் வரலாம். ஆதலின் தம்முடைய படகைப் போன்ற படகிலும், தம்முடைய இயந்திரத்தைப் போன்ற இயந்திரத்திலும் கற்பிப்பதே பயன்தரும்.

2. எந்தக் கடலில், எந்தப் பருவத்தில்? சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவத்திலும், குமரியின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவத்திலும் கடல் சீறும். அமைதியான மாதங்களில் தொடங்கி, பருவம் முற்றுமுன் மிதமான அலையில் முடியும் பயிற்சியே நேரிது. காயலில் மட்டும் நடக்கும் பயிற்சி அலைவாயைக் கற்பிக்காது. புயலின் நடுவில் மாணவனை இறக்குவது பயிற்சியே ஆகாது.

3. மாணவன் கையில் சுக்கான் எத்தனை நாழிகை? ஒரு படகில் பன்னிருவர் அமர்ந்து ஆசிரியர் ஓட்டுவதைக் காண்பது வேடிக்கை பார்ப்பதாகும். மூவர் அல்லது நால்வருக்கு ஓர் ஆசிரியர் இருந்து, ஒவ்வொருவரும் அலைவாயைப் பலமுறை தாமே கடக்க வேண்டும். அருகில் காவற்படகு ஒன்று நிற்பதும் இன்றியமையாதது.

4. தவறு நேர்ந்தபின் செய்வன கற்பிக்கப்படுகின்றனவா? இயந்திரம் அலைவாயில் நின்றுவிட்டால் படகு குறுக்காகத் திரும்பும். அப்போது துடுப்பாலோ நங்கூரத்தாலோ அணியத்தை அலைக்கு நேர்நிறுத்துவது எவ்வாறு? கவிழ்ந்தால் ஆட்களை எண்ணிப் படகைப் பற்றியிருப்பது எவ்வாறு? நீரில் விழுந்தவனை விசிறி தாக்காமல் ஏற்றுவது எவ்வாறு? இவற்றைச் செய்து பார்க்காத பயிற்சி பாதிப் பயிற்சியே.

5. ஆசிரியர் யார்? சான்றிதழ் மட்டும் போதாது. அத்தகைய அலையில் பல்லாண்டு படகோட்டியவராகவும் அவர் இருத்தல் வேண்டும். நம் ஊர்களிலுள்ள முதிய படகோட்டிகளைத் துணையாசிரியர்களாக அமர்த்தும் பயிற்சி சாலச் சிறந்தது. எந்த மாதத்தில் மணல்திட்டு எங்கே நகரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

கொச்சியில் 1963-இல் தொடங்கப்பெற்று, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகளைக் கொண்ட மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம், மீன்பிடிக் கப்பல்களுக்குரிய மாலுமிகளையும் இயந்திர வினைஞர்களையும் உருவாக்கி வருகிறது. பெரிய கலங்களிற் பணியாற்ற விழையும் இளைஞர் அதனை நாடலாம். சிறு படகில் அலைவாயைக் கடப்பதோ தனிக் கலை. அதனை மேற்கூறிய வினாக்களைக் கொண்டே தேட வேண்டும்.

கற்க வேண்டிய தலையாய பாடம்

பயிற்சியில் கற்கும் செய்முறைகள் சிலவற்றை இங்கே சுருக்கிக் கூறுவோம். கரையை நெருங்கும்போது அலை உடையும் இடத்துக்கு வெளியே பத்து நிமிடமேனும் நின்று பார்க்க வேண்டும். பேரலைகள் கூட்டமாக வரும், அதன்பின் சற்று ஓய்வு உண்டு. உட்புகுந்தபின் நடுவழியில் திரும்பலாகாது. திரும்பினால் படகின் விலாவை அலைக்குக் காட்டுவோம். கடலுக்குள் செல்லும்போது அணியத்தை அலைக்கு நேராக நிறுத்தி, முகட்டில் விசையைச் சற்றுக் குறைக்க வேண்டும். இல்லையேல் படகு மேலே எகிறி மோதி விழும். விசையை முற்றிலும் நிறுத்தினாலோ திருப்பும் ஆற்றலே போய்விடும். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிந்துகொள்ள வேண்டும். வெளிப்பொருத்து இயந்திரமாயின், அதனை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் தம் உடலில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்தினும் மேலான பாடம் ஒன்று உண்டு. அது, எப்போது செல்லலாகாது என்பதை அறிவது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தை முன்னறிவிக்கிறது. அவ்வறிவிப்பில் 2 மீட்டர் என்றால், எல்லா அலையும் 2 மீட்டர் என்பது பொருளன்று; உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியே அது. தனியலை ஒன்று 4 மீட்டரை நெருங்கவும் கூடும். காற்றே இல்லாத தெளிந்த நாளிலும், தொலைவிலுள்ள தென்கடற் புயல்களால் எழுந்த ‘கள்ளக்கடல்’ கரையைத் தாக்கும். இவற்றைப் படித்துப் பொருள் கொள்ளக் கற்பிக்காத பயிற்சிக்குப் பணம் செலுத்துதல் வீண்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்றது. அறிவிப்புக் கரையை எட்டுமுன்பே பலர் ஆழ்கடலில் இருந்தனர். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம்மவரை இழந்தன. அத்தகைய புயலை எந்தக் கைத்திறனும் வெல்லாது. ஆதலாற்றான் படகோட்டும் திறனோடு செய்தித் தொடர்புக் கருவியைக் கையாளும் திறனும் பயிற்சியில் சேர்தல் வேண்டும் என்கிறோம். கடலோரக் காவற்படையின் 1554 என்னும் அவசர எண்ணை ஒவ்வொரு வீடும் மனப்பாடம் செய்திருத்தல் நலம்.

ஊரின் கடமை

இறுதியாக ஒன்று. பயிற்சி பெற்ற இளைஞன் ஒரு காலையில் கரையில் நின்று, “இன்று அலை சரியில்லை, படகு இறங்காது” என்று கூறுவான். அன்று கடன் தவணை நாளாக இருக்கலாம். அண்டை ஊரார் சென்றிருக்கலாம். அவனைக் கோழை என்று ஏசினால் நாம் கொடுத்த பயிற்சியை நாமே கடலில் எறிந்தவர்கள் ஆவோம். அவன் சொல்லுக்கு மதிப்பளித்து, அந்நாளின் இழப்பைச் சங்கமும் உடைமையாளரும் பகிர்ந்துகொள்ள வழி வகுத்தல் வேண்டும். ஒரு நாள் மீனை மறுநாள் பிடிக்கலாம். நல்ல பயிற்சியைத் தேர்வோம். அதனைக் கற்று வந்தவனின் சொல்லையும் கேட்போம். அப்போதுதான் மாலையில் கரைக்கு வரும் படகுகளை எண்ணும் தாய்மாரின் கணக்குக் குறையாமல் இருக்கும்.