கடைசிச் சொல்லைப் படியுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய பிழைச்செய்தியில் "எக்ஸ்டெஸ்ட் எக்ஸ்டென்ஷன் இல்லை" என்ற பகுதியை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அதை அடுத்து வரும் "லோக்கல்ஹோஸ்ட்:10.0" என்பதை விட்டுவிட்டீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது.

மவுஸைத் தானாக இயக்கும் எக்ஸ்டூடூலை மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியதாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனம் கஷ்டப்பட்டது. நானும் ஒருமுறை லிப்எக்ஸ்டிஎஸ்டி லைப்ரரியை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு இரவுகளைத் தொலைத்தவன். அந்த லைப்ரரி கேட்கிற பக்கம்; எக்ஸ்டெஸ்ட் இருப்பதோ கொடுக்கிற பக்கம், அதாவது டிஸ்பிளே சர்வருக்குள். கேட்பவரை எத்தனை முறை மாற்றினாலும் கொடுப்பவரிடம் இல்லாத பொருள் வந்துவிடாது.

எம்.ஐ.டி.யில் 1984இல் பிறந்த எக்ஸ் சன்னல் அமைப்பு, 1987இல் பதினோராம் பதிப்பை எட்டியது. நிரல் ஒரு கணினியிலும் திரை இன்னொன்றிலும் இருக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆள் உட்காராமலேயே சர்வரைச் சோதிக்க உருவானது எக்ஸ்டெஸ்ட். அதன் வழியாக வரும் அசைவையும் கிளிக்கையும் சர்வர் உண்மையான மவுஸிலிருந்து வந்தவையாகவே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்டூடூலுக்கு மட்டுமல்ல, ஜாவாவின் ரோபோட் வகுப்புக்கும் இதுவே கை.

இனி அந்தக் கடைசிச் சொல்லில் உள்ள எண்ணைப் பார்ப்போம். எதிரில் இருக்கும் மானிட்டர் பெரும்பாலும் :0. விஎன்சி திறக்கும் திரை வழக்கமாக :1 அல்லது :2. பழைய விஎன்சி சர்வர்கள் சிலவற்றில் எக்ஸ்டெஸ்ட் உண்மையிலேயே இருக்காது. 10 என்றால் எஸ்எஸ்எச் திறந்துவிட்ட வழி. நீங்கள் எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எக்ஸ் (-X) போட்டு அலுவலகச் சர்வருக்குள் போயிருக்கிறீர்கள். அப்படி வரும் நிரலை உங்கள் வீட்டுக் கணினியின் டிஸ்பிளே சர்வர் நம்புவதில்லை. பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்களை அதன் கண்ணில் காட்டாமல் மறைத்துவிடும். டெபியனில் பெரிய எக்ஸுக்கும், நிரலை முழுதாக நம்பச் சொல்லும் பெரிய ஒய்க்கும் (-Y) வித்தியாசம் இல்லாதபடி அமைத்திருக்கிறார்கள். உங்கள் கணினியில் அப்படி இல்லை போலிருக்கிறது. உறுதிசெய்ய, எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ கட்டளையை உங்கள் கணினியில் ஒருமுறையும் எஸ்எஸ்எச்சுக்குள் ஒருமுறையும் ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். இரண்டிலுமே எக்ஸ்டெஸ்ட் இல்லையென்றால் மட்டும் எக்ஸ்ஆர்க் கான்ஃபிக் கோப்பில் யாராவது அதை அணைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

பெரிய ஒய் போட்டால் பிழை போய்விடும். ஆனாலும் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. தொலைவில் உள்ள அந்தக் கணினிக்குள் வேறொருவர் நுழைந்துவிட்டால், உங்கள் மவுஸை நகர்த்தவும் உங்கள் டெர்மினலில் தட்டச்சு செய்யவும் அவருக்கு வழி கிடைக்கும். மறைத்து வைத்ததற்குக் காரணமே அதுதான். தவிர, உங்கள் வேலை இரவில் நடக்க வேண்டிய வேலை. வீட்டுத் திரை விடியும்வரை எதற்காக விழித்திருக்க வேண்டும்?

அதற்குப் பதில், அலுவலகச் சர்வரிலேயே எக்ஸ்விஎஃப்பியை ஓட்டுங்கள். மானிட்டர் இல்லாமல் நினைவகத்திலேயே திரை வரையும் எக்ஸ் சர்வர் அது. எக்ஸ்டெஸ்ட் அதற்குள்ளேயே இருக்கிறது, கிளிக் எதுவும் வெளியே பயணிக்க வேண்டியதில்லை.

புதிய கணினி வாங்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் எக்ஸுக்குப் பதிலாக வேலாண்ட் இருந்தால் கவனம் தேவை. அங்கே எக்ஸ் நிரல்களுக்காக ஓடும் எக்ஸ்வேலாண்ட் தன் பட்டியலில் எக்ஸ்டெஸ்ட்டைக் காட்டும், பிழைச்செய்தியும் வராது. ஆனால் வேலாண்ட் சன்னல்களில் கிளிக் விழாமல் போகலாம். பிழையே சொல்லாத பிழை இன்னும் கொடியது. எக்ஸ்டூடூல் போன்ற இன்னொரு கருவியான ஒய்டூடூல் கெர்னலின் யூஇன்புட் வழியாகப் போவதால் அங்கும் வேலை செய்யும். அதற்கு அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்விஎஃப்பியைத் தொடங்கும்போது இரண்டு விஷயங்கள். திரை அளவை 1920x1080x24 என்று நீங்களே எழுதிக்கொடுங்கள். அது தானாக எடுத்துக்கொள்ளும் அளவு வேறு. அதை அப்படியே விட்டால் உங்கள் ஸ்கிரிப்டில் உள்ள கிளிக் புள்ளிகள் இடம் மாறி விழும். அடுத்து, அந்தத் திரையில் விண்டோ மேனேஜர் கிடையாது. சன்னலை முன்னே கொண்டுவரும் உங்கள் ஏழாவது வரி அங்கே நின்றுவிடும். முதலில் ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரை ஓடவிட்டு, பிறகு ஸ்கிரிப்டைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகும் நின்றால், எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ தந்த அந்த இரண்டு பட்டியல்களையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்