சோர்வுக்கு மட்டும் மாத்திரையா?

வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் சுருண்டு படுத்திருந்தால் 'டிப்ரஷன்' என்று டாக்டரிடம் அழைத்துப் போகிறீர்கள். சரி. ஆனால் போன வருஷம் அவரே ராத்தூக்கம் இல்லாமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கிக் கண்டபடி செலவு செய்தாரே, அதைச் சொன்னீர்களா? "அப்ப ஜோராத்தானே இருந்தார்!" என்று விட்டுவிடுகிறோம். சிக்கலே அங்கேதான். அது 'பைபோலார்' என்னும் இருதுருவ மனநோயாக இருக்கலாம்.

1999-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய சர்வதேச பைபோலார் சங்கத்தின் நிபுணர் குழு, 2013-ல் இதை அலசியது. இந்நோயின் முதல் வகையில், சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். லித்தியம் போல மனநிலையைச் சீராக்கும் மருந்தும் கூடவே வேண்டும் என்றது. இல்லாவிட்டால், சோர்வு போய் 'மேனியா' என்கிற அதீத வேகம் கிளம்பக்கூடும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரா? நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பழைய கதையை ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.