பம்பைக்குத் திரும்பினால் காது கேட்கிறதா?

"பம்பை அடிச்சா டக்குன்னு திரும்பிப் பார்க்கிறான். காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேச்சுதான் லேட்டு, தாய்மாமன் மாதிரி." மண்டகப்பட்டிலிருந்து மேல்மலையனூர் வரை இதைச் சொல்லாத பாட்டி இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு நாலு வயதாகிவிடுகிறது. பிறகு எங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பாறை, ஒரே முகப்பு, உள்ளே மூன்று கருவறைகள். உட்காதும் கல் போன்ற எலும்புக்குள் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நத்தைக்கூடு போன்ற காக்ளியா கேட்பதற்கு. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை அறிய. யூட்ரிக்கிள், சாக்யூல் என்ற இரண்டு பைகள் ஈர்ப்பையும் நேர் அசைவையும் உணர. எல்லாவற்றையும் இணைப்பது திரவம். அதனால் பெருஞ்சத்தம் மோதினால் சாக்யூலும் அசைந்துவிடுகிறது. பல மீன்களுக்கு அதுவே காது. நமக்கு அந்தப் பழைய வேலையில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இது கதையல்ல. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கோல்பாட்சும் ஹல்மாகியும் காதில் உரத்த 'டக்' ஒலியைக் கொடுத்து, கழுத்துத் தசையில் எழும் எதிர்வினையை 1992-இல் பதிவுசெய்து காட்டினார்கள். காக்ளியா அறவே செயலிழந்தவர்களிடமும் அந்த எதிர்வினை வரும். ஆனால் அதற்குச் சுமார் 90 டெசிபலுக்கு மேல் சத்தம் வேண்டும். நாம் பேசுவது 60-ஐ ஒட்டித்தான். 'அம்மா' எது, 'சும்மா' எது என்று பிரித்தறிய சாக்யூலால் ஆகாது. தரையதிர்வும் பிள்ளையைத் திருப்பும். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்புவதைப் பார்த்தும் அது திரும்பும். தட்டைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு சோதனையா? பிறந்த குழந்தைக்கு ஓஏஇ என்ற செவிப் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் பெரா என்ற பரிசோதனை. ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசம். தாமதிக்கத் தாமதிக்கப் பேச்சு வருவது கடினமாகிறது.

தலைசுற்றினால் காது செவிடாகும் என்பதும் பொய்யே. படுக்கையில் புரண்டதும் சுற்றுவது பெரும்பாலும் யூட்ரிக்கிளின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால். கேட்கும் திறனுக்கு அதனால் பங்கமில்லை. சுற்றலோடு இரைச்சலும் மந்தமும் வந்தால்தான் வேறு விஷயம், உடனே காட்டுங்கள். காதில் காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள். செவிப்பறையைத் தாண்டி அது உட்காதுக்குப் போகாது.

இன்னொன்று. திருவிழாவில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளின் முன்னால் குழந்தையைத் தோளில் வைத்து ஆடும் அப்பாக்களை என்ன சொல்ல? குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் பொதுவாக ஒலிபெருக்கியே கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் விதி. விழாக் கமிட்டிக்காரர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.