கொடைக்கானல் புறப்படும் முன்

கோடை விடுமுறை நெருங்கியதும் திண்டுக்கல் வீடுகளில் "இந்த வருடமாவது கொடைக்கானலுக்குப் போகலாமா?" என்ற பேச்சு எழும். தாராளமாகப் போகலாம். ஆனால் திட்டமிடாத பயணம் பணத்தையும் உடல்நலத்தையும் கெடுக்கும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. நாம் உல்லாசமாகச் சென்று வரும் பழனி மலைத்தொடர்தான் நமக்குத் தண்ணீர் தருகிறது. ஆகவே மாணவியரே, பெட்டியைக் கட்டும் முன் ஐந்து கேள்விகளுக்கு விடை காண்போம்.

1. எப்போது செல்வது?

ஏப்ரல், மே மாதங்களே சீசன். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடைபெறும். அப்போது கூட்டமும் செலவும் அதிகம். சனி, ஞாயிறு தவிர்த்து வாரத்தின் நடுநாட்களில் சென்றால் இரண்டும் குறையும். அக்டோபர், நவம்பரில் அடைமழையும் மண்சரிவும் உண்டு. டிசம்பர், சனவரியில் உறைபனி விழும். சிறு குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஏற்றதன்று.

2. எப்படிச் செல்வது?

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி, 1845-ஆம் ஆண்டு இம்மலையில் வீடு கட்டினார்கள். அக்காலத்தில் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும். இன்று செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 95 கிலோமீட்டர் பயணத்தைப் பேருந்தில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் சொந்த வாகனத்திலும் வாடகை வாகனத்திலும் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்ற முறை வந்தது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இது தேவையில்லை. வளைவுகளில் தலைசுற்றல் வருமாதலால் காலை உணவு இலேசாக இருப்பது நல்லது.

3. எதை எடுத்துச் செல்வது?

இதற்கு நம் பூகோளப் பாடம் உதவும். ஆயிரம் மீட்டர் உயரத்திற்குச் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். திண்டுக்கல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 12 டிகிரி வித்தியாசம்! மேகமும் காற்றும் சேர்ந்தால் குளிர் இன்னும் கூடும். எனவே மே மாதமானாலும் ஸ்வெட்டர், மப்ளர், குடை தேவை. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமைத்துச் சாப்பிட எண்ணுவோர், பருப்பு வேக நேரமாகும் என்பதை நினைவில் வைத்துக் குக்கரை எடுத்துச் செல்க. சமையலையும் மூட்டை கட்டுவதையும் பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள் எல்லாரும் பகிர்ந்துகொண்டால் அம்மாவுக்கும் அது விடுமுறையாகும்.

4. எதைக் காண்பது?

ஒரே நாளில் இருபது இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பது பார்த்ததாகாது. இரண்டு நாட்கள் இருந்தால் நான்கைந்து இடங்கள் போதும். மலைப்பாதையிலிருந்தே 297 மீட்டர் உயரமுள்ள தலையாறு அருவி தூரத்தில் வெள்ளிக் கம்பிபோல் தெரியும். செண்பகனூரில் சேசு சபையினர் 1895-இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் மலையின் விலங்குகளையும் பறவைகளையும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் விஞ்ஞானம் பயில்வோர்க்கு ஒரு திருத்தலம். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். சலேத் மாதா ஆலயத்தில் சற்று நேரம் அமைதியாக அமர்ந்து செபியுங்கள். குறிஞ்சி மலரைக் காணப் பொறுமை வேண்டும். 2006-லும் 2018-லும் மலர்ந்த அது, மீண்டும் 2030-இல்தான் பூக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

5. எதை விட்டு வருவது?

ஐந்து கேள்விகளில் இதுவே முதன்மையானது. விடை: ஒன்றையும் விட்டு வரக்கூடாது.

மலையின் சோலைக் காடுகளும் புல்வெளிகளும் பஞ்சைப்போல் மழைநீரை உறிஞ்சி, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. நாம் படமெடுத்து மகிழும் பைன் மரங்களோ வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவையும் தைல மரமும் சீகை மரமும் நடப்பட்டதால் அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி மறைந்தது. எஞ்சிய சோலைகளின் நீரே கீழே வருகிறது. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணை, கீழ்ப்பழனி மலை ஓடைகளால் நிறைகிறது. பெரியகுளம் நகருக்குப் பேரிஜம் ஏரி தண்ணீர் கொடுக்கிறது. 1863-இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய கொடைக்கானல் ஏரியின் உபரி நீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சி. ஏரியில் எறியும் குப்பை அருவிக்கு வரும். அருவியில் விழுவது சமவெளிக்கு வரும். குழாயடியில் குடத்துடன் காத்திருந்து பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் கொண்டு செல்வோம். தின்பண்டக் காகிதங்களைத் திரும்பக் கொண்டுவருவோம். குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். விடுதியில் தண்ணீரை அளவோடு பயன்படுத்துவோம். ஊருக்குத் திரும்பும்போது மலைவாழைப் பழமும் மலைப்பூண்டும் வாங்கினால் மலை விவசாயிகளுக்கும் உதவியாகும்.

நம் அன்னை மரியாளும் மலைநாட்டிற்கு விரைந்து சென்றாள். எலிசபெத்துக்கு உதவி செய்யவே அவள் சென்றாள். அவளுடைய வருகையால் அந்த வீட்டில் மகிழ்ச்சி பொங்கியது. நம் வருகையும் அம்மலைக்கும் அங்கு வாழும் மக்களுக்கும் பாரமாக இல்லாமல் மகிழ்ச்சியாக அமையட்டும். அப்படித் திட்டமிட்டுச் சென்று வாருங்கள். இறைவன் உங்கள் வழித்துணையாக இருப்பாராக!